ஐரெனிக்: சமாதானம் நாடும் சொல்லும் அதன் கிரேக்க வேரும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரெனிக் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள்?

சமாதானத்தை நாடுகிற, பிணக்கை ஆற்ற முனைகிற என்று பொருள். இது ஒரு பெயரடை. ஆளையும் குறிக்கும், பேச்சு, கடிதம், கட்டுரை, தொனி ஆகியவற்றையும் குறிக்கும். இன்றைய ஆங்கிலத்தில் ஒருவர் எழுதும் விதத்தையும் பேசும் விதத்தையும் பற்றித்தான் இது பெரும்பாலும் வருகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். எல்லோரும் ஒத்துப்போகிற இடத்தில் யாரையும் ஐரெனிக் என்று சொல்வதில்லை. இரண்டு தரப்பு முட்டிக்கொண்டு நிற்க, தன் கருத்தையும் விடாமல், எதிரில் இருப்பவரோடு உள்ள உறவையும் அறுக்காமல் பேசுகிறவரைத்தான் அப்படிச் சொல்வார்கள். அதாவது, கருத்து வேறுபாடு இருந்தால்தான் இந்தச் சொல்லுக்கு வேலையே.

எப்படி உச்சரிப்பது?

ஐரெனிக், ஐரீனிக் இரண்டும் சரி. அழுத்தம் இரண்டாவது அசையில் விழும். பழைய நூல்களில் ஐரெனிக்கல் என்ற நீண்ட வடிவத்தையும் பார்க்கலாம். பொருள் ஒன்றுதான்.

எந்தக் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது?

அமைதியைக் குறிக்கும் ‘எய்ரேனே’ என்ற சொல்லிலிருந்து. அதன் பெயரடை ‘எய்ரேனிகோஸ்’. அமைதிக்குரிய, அமைதியை விரும்பும் என்று பொருள். அது லத்தீன் எழுத்தாளர்களின் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குள் வந்தது.

எய்ரேனேக்கும் முந்திய வேர் எது என்பதில் மொழியறிஞர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. இணைத்தல், கோத்தல் என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது என்று வெகுகாலம் எழுதிவந்தார்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் ஒலியியல் அதற்குச் சரியாக ஒத்துழைக்கவில்லை. கிரேக்கத்தின் வட்டார வழக்குகளில் இந்தச் சொல்லின் உயிரொலிகள் ஒழுங்கில்லாமல் மாறுவதைக் காட்டி, கிரேக்கர்கள் வருவதற்கு முன்பே அந்த நிலத்தில் வழங்கிய மொழியிலிருந்து வந்திருக்கலாம் என்று சொல்வோரும் உண்டு. எனவே ‘அமைதி என்றால் இணைப்பு என்றுதான் மூலப்பொருள்’ என்று யாராவது அடித்துச் சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போர் நிறுத்தத்தையும் கிரேக்கர்கள் எய்ரேனே என்றுதான் சொன்னார்களா?

இல்லை. அதற்குத் தனிச் சொற்கள் இருந்தன. இரு நகரங்கள் உடன்படிக்கை செய்யும்போது தெய்வங்களுக்கு மதுவை ஊற்றி உறுதி எடுப்பார்கள். அப்படி ஊற்றுவதைக் குறித்த ‘ஸ்பொந்தாய்’ என்ற சொல்லே உடன்படிக்கைக்கும் பெயரானது. ஒலிம்பிக் போட்டிக்காக அறிவிக்கப்பட்ட புனிதப் போர்நிறுத்தத்துக்கு ‘எகெகெய்ரியா’ என்று பெயர். கையைக் கட்டுப்படுத்தி வைத்தல் என்பது அதன் நேர்ப்பொருள். வீரர்களும் பார்வையாளர்களும் ஒலிம்பியாவுக்குப் பத்திரமாகப் போய்த் திரும்ப வழிவிடுவதுதான் அதன் நோக்கம். கிரேக்கம் முழுவதும் போர் நின்றுவிடும் என்று பலர் நினைப்பது தவறு. ஒரே நகரத்துக்குள் மக்கள் ஒருமனப்பட்டிருப்பதை ‘ஹோமோனொயா’ என்றார்கள்.

எய்ரேனே இவற்றிலிருந்து வேறு. அது நாடு அமைதியாக இருக்கும் நிலை. உழுது விதைத்து அறுவடை செய்து, பிள்ளைகளை வளர்க்க முடிகிற காலம். பிறகு, கி.மு. 4ஆம் நூற்றாண்டில், எல்லா நகரங்களையும் கட்டுப்படுத்தும் ‘பொது அமைதி’ என்ற ஏற்பாட்டைப் பற்றிக் கிரேக்கர்கள் பேசத் தொடங்கியபோது, உடன்படிக்கைக்கும் இதே சொல் வழங்கலாயிற்று.

எய்ரேனே ஒரு தெய்வத்தின் பெயரும் அல்லவா?

ஆம். இந்தச் சொல்லைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் எண்ணம்.

கி.மு. 700-ஐ ஒட்டிய காலத்துப் புலவர் ஹெசியோத், தெய்வங்களின் அரசன் சீயஸுக்கும் தெமிஸ் என்ற பெண்தெய்வத்துக்கும் பிறந்த மூன்று சகோதரிகளைச் சொல்கிறார்: நல்லொழுங்கைக் குறிக்கும் யூனோமியா, நீதியைக் குறிக்கும் திகே, அமைதியைக் குறிக்கும் எய்ரேனே. மூவரும் பருவகாலத் தெய்வங்கள். அமைதியை மட்டும் தனியே பெற்றுவிட முடியாது, ஒழுங்கும் நீதியும் அவள் உடன்பிறந்தவை என்பது அந்தக் குடும்ப உறவிலேயே இருக்கிறது. வேறோர் இடத்தில் அவர் அமைதியைப் பிள்ளைகளை வளர்ப்பவள் என்று அழைக்கிறார். நீதி தவறாத ஊரில் அவள் இருப்பாள் என்பது அவர் வாக்கு.

ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் கழித்து கெபிசொதோதோஸ் என்ற சிற்பி இந்த எண்ணத்துக்கு வெண்கலத்தில் உருவம் கொடுத்தார். கி.மு. 370களில் ஏதென்ஸின் பொதுச் சதுக்கத்தில் நிறுவப்பட்ட அந்தச் சிலை இன்று இல்லை. ரோமானியர் காலத்துப் பளிங்குப் பிரதி ஜெர்மனியின் முனிச் நகரில், கிளிப்தோதெக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கனத்த மடிப்புகள் விழும் ஆடையில் நிமிர்ந்து நிற்கும் ஒரு பெண். இடக்கையில் ஒரு சிறு பிள்ளை. பிள்ளை அவள் முகத்தை நோக்கித் தாவுகிறது. அவள் தலையைச் சற்றுச் சாய்த்து அதைப் பார்க்கிறாள். பிள்ளையின் பெயர் புளூதோஸ், அதாவது செல்வம். தானியம் விளைந்து களஞ்சியம் நிறைவதுதான் கிரேக்கர்களுக்கு முதல் செல்வம். அந்தச் செல்வம் அமைதியின் இடுப்பில் உட்கார்ந்திருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாடெங்கும் பயணம் செய்து எழுதிய பவுசானியாஸ், செல்வத்தை அமைதியின் கையில் கொடுத்தது அறிவார்ந்த செயல் என்று சிற்பியைப் பாராட்டுகிறார்.

வெற்றிக்குச் சிலை வைப்பது எல்லா நாட்டிலும் உண்டு. இந்தச் சிலையோ, நீண்ட போர்களில் களைத்துப்போன ஒரு நகரம் தன் சந்தைவெளியின் நடுவே எழுப்பியது. அதனால்தான் இதன் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது.

எய்ரேனே வரும் நாடகம் ஒன்று உண்டாமே?

அரிஸ்தொபனீஸ் எழுதிய ‘அமைதி’. கி.மு. 421-இல் ஏதென்ஸ் விழாவில் மேடையேறி இரண்டாம் பரிசு பெற்றது. ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிய பெலொபொன்னேசியப் போர் அப்போது பத்தாண்டைத் தொட்டிருந்தது.

திரிகையோஸ் என்ற திராட்சை விவசாயி போரைப் பொறுக்க முடியாமல் ஒரு ராட்சதச் சாணவண்டின் மேல் ஏறி சீயஸின் வீட்டுக்கே பறக்கிறார். ஒருவரைத் தவிர மற்றத் தெய்வங்கள் அங்கே இல்லை. கிரேக்கர்களின் ஓயாத சண்டையை வெறுத்து இன்னும் மேலே குடிபோய்விட்டார்கள். வீட்டைப் பிடித்திருப்பது போர் என்ற பாத்திரம். அது அமைதியை ஒரு குகைக்குள் தள்ளி, வாயிலில் கற்களைக் குவித்துவிட்டது. கிரேக்க நகரங்களை எல்லாம் உரலில் போட்டு இடிக்கவும் தயாராகிறது, ஆனால் உலக்கை கிடைக்கவில்லை. ஏதென்ஸின் உலக்கையும் போயிற்று, ஸ்பார்ட்டாவின் உலக்கையும் போயிற்று. போரை விசிறிவிட்ட ஏதென்ஸின் கிளியோனும் ஸ்பார்ட்டாவின் பிராசிதாஸும் அதற்கு முந்தைய ஆண்டுதான் ஒரே போரில் இறந்திருந்தார்கள். பார்வையாளர்களுக்கு அது உடனே புரிந்திருக்கும்.

அப்புறம் கயிறு கட்டி அமைதியை வெளியே இழுக்கும் காட்சி. எல்லா ஊர்க்காரர்களும் கயிற்றைப் பிடிக்கிறார்கள், ஆனால் சிலர் இழுப்பதே இல்லை, சிலர் குறுக்கே இழுக்கிறார்கள். கடைசியில் விவசாயிகள் மட்டும் சேர்ந்து இழுக்க, அவள் வெளியே வருகிறாள். ஊர் திரும்பியதும் அரிவாள் செய்பவர் நன்றி சொல்ல வருகிறார், ஏனென்றால் அவருக்கு வியாபாரம் மறுபடி சூடு பிடித்துவிட்டது. ஆயுத வியாபாரியோ தலைக்கவசங்களை விற்க வழியில்லாமல் புலம்புகிறார்.

நாடகம் மேடையேறிய சில நாட்களிலேயே ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் நிகியாஸ் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ஐம்பது ஆண்டுகளுக்கென்று செய்த உடன்படிக்கை அது. இரு நாடுகளும் ஒன்றன் மண்ணில் மற்றொன்று நேரடியாகப் படையெடுக்காமல் இருந்தது ஆறு ஆண்டுகள் பத்து மாதங்கள்தான் என்று வரலாற்றாசிரியர் துசிதிதீஸ் கணக்குச் சொல்கிறார்.

நாட்டின் நிலையைக் குறித்த சொல், பேசும் தொனியைக் குறிக்க எப்படி வந்தது?

இடையில் கிறிஸ்தவ மதம் இருக்கிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டு முதல் யூதர்களின் மறைநூல்கள் கிரேக்கத்தில் மொழிபெயர்க்கப்பட்டன. எபிரேயத்தின் ‘ஷாலோம்’ வந்த இடங்களில் பெரும்பாலும் எய்ரேனே என்று போட்டார்கள். ஷாலோம் விரிவான சொல். நலம், முழுமை, வாழ்த்து எல்லாம் அதில் அடங்கும். அந்தப் பொருள்களையும் எய்ரேனே சுமக்கத் தொடங்கியது. புதிய ஏற்பாட்டில் ‘உங்களுக்குச் சமாதானம்’ என்ற வாழ்த்தில் வருவது இந்தச் சொல்தான். இயேசுவின் மலைப்பொழிவில் சமாதானம் செய்பவர்களைக் குறிக்கும் சொல்லும் இதிலிருந்தே அமைந்தது. கிழக்கு மரபுத் திருச்சபைகளில் வழிபாட்டின் தொடக்கத்தில் வரும் பெரிய மன்றாட்டுக்கு இன்றும் ‘எய்ரேனிகா’ என்ற பெயர் உண்டு.

திருச்சபைக்குள் சச்சரவு வந்தபோது, அதைத் தீர்க்க எழுதுவதும் பேசுவதும் ‘எய்ரேனேக்கு உரியது’ ஆயிற்று. இதற்கு என்னால் காட்ட முடிந்த மிக நல்ல உதாரணம், பெயரிலேயே இந்தச் சொல்லைக் கொண்ட இரேனியஸ். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பிரான்சின் லியோன் நகரில் ஆயராக இருந்தவர்.

உயிர்ப்புப் பெருவிழாவை, அதாவது ஈஸ்டரை, எந்த நாளில் கொண்டாடுவது என்பதில் தகராறு. ஆசியா மைனரின் (இன்றைய துருக்கி) சபைகள் யூத நாட்காட்டியின் நிசான் மாதம் 14ஆம் நாளைப் பின்பற்றின. ரோம் ஞாயிற்றுக்கிழமைதான் என்றது. கி.பி. 190-ஐ ஒட்டி ரோமின் ஆயர் விக்டர், ஆசிய சபைகளை ஒட்டுமொத்தமாக உறவிலிருந்து வெட்டிவிட முனைந்தார். இரேனியஸும் ஞாயிற்றுக்கிழமைக் கட்சிதான். ஆனாலும் விக்டருக்குக் கடிதம் எழுதி, முன்னோர் வழக்கத்தைக் காக்கிறார்கள் என்பதற்காக முழுச் சபைகளையும் வெட்டலாகாது என்று வாதாடினார். பழைய சம்பவம் ஒன்றையும் நினைவூட்டினார். ஆசியா மைனரிலிருந்து ஆயர் பொலிகார்ப் ரோமுக்கு வந்தபோது அவரும் ரோமின் ஆயர் அனிசெத்தஸும் இதே விஷயத்தைப் பேசினார்கள். ஒருவரை ஒருவர் மாற்ற முடியவில்லை. ஆனாலும் சேர்ந்து வழிபட்டு, சமாதானமாகப் பிரிந்தார்கள். இதைப் பதிவு செய்த வரலாற்றாசிரியர் யூசேபியஸ், பெயருக்கேற்ற மனிதர் என்று இரேனியஸைச் சொல்கிறார். 2022-இல் போப் பிரான்சிஸ் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தபோது ‘ஒற்றுமையின் வல்லுநர்’ என்ற பட்டத்தைக் கொடுத்தார்.

தேதி விஷயத்தில் இரேனியஸ் யார் பக்கம், யாருக்காகப் பரிந்து எழுதினார் என்று பாருங்கள். ஐரெனிக் என்பதற்கு வேறு விளக்கமே தேவையில்லை.

ஆங்கிலத்துக்கு எப்போது வந்தது?

புரொட்டஸ்டன்ட் சபைகள் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த சீர்திருத்த இயக்கத்துக்குப் பிறகு ஐரோப்பா மதச் சண்டையில் எரிந்தது. அந்த நெருப்புக்கு நடுவே சில இறையியலாளர்கள் சமரச நூல்கள் எழுதி, அவற்றுக்கு ‘இரேனிகும்’ என்று லத்தீனில் பெயர் வைத்தார்கள். பிரான்சிஸ்கஸ் யூனியஸ் 1593-இலும், டேவிட் பரேயஸ் 1614-இலும் எழுதினார்கள். பரேயஸின் நூல் வந்து நான்கே ஆண்டுகளில் முப்பதாண்டுப் போர் மூண்டது. இங்கிலாந்தில் எட்வர்ட் ஸ்டில்லிங்ஃபிளீட் 1660-ஐ ஒட்டி இதே தலைப்பில் எழுதினார். ஐரெனிக்கல் என்ற பெயரடை 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் புழங்குகிறது. ஐரெனிக் என்ற குறுகிய வடிவம் பரவியது 19ஆம் நூற்றாண்டில்.

ஐரெனிகான் என்றும் பார்த்திருக்கிறேன். அது என்ன?

பெயர்ச்சொல். சமாதானத்துக்கான முன்மொழிவு, குறிப்பாக எழுத்தில் வைக்கப்படுவது. 1865-இல் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) அறிஞர் எட்வர்ட் பூசி, கத்தோலிக்கத் திருச்சபையோடு இணையும் வழியைத் தேடி ஒரு நூல் எழுதி அதற்கு ‘ஐரெனிகான்’ என்று பெயரிட்டார். ஆனால் கத்தோலிக்கர்களின் மரியாள் பக்தியை அதில் நீளமாகக் கண்டித்திருந்தார். அவருடைய பழைய நண்பரும் அதற்குள் கத்தோலிக்கராகிவிட்டவருமான ஜான் ஹென்றி நியூமன் பதில் எழுதினார்: நீங்கள் உங்கள் ஒலிவக் கிளையைக் கல்லெறி பொறியிலிருந்து எறிவதுபோல அல்லவா எறிகிறீர்கள் என்று. ஒலிவக் கிளை சமாதானத்தின் அடையாளம். சமாதான நோக்கம் மட்டும் போதாது, அதைக் கொடுக்கும் விதமும் வேண்டும் என்பதற்கு ஆங்கிலத்தில் இதைவிடக் கூர்மையான வரியை நான் படித்ததில்லை.

அப்படியானால் ஐரெனிக்காக இருப்பது விட்டுக்கொடுப்பதா, மழுப்புவதா?

இரண்டும் இல்லை. ஒரு நூல் மதிப்புரையை வைத்துக் காட்டுகிறேன்.

முதல் விதம்: ‘ஆசிரியருக்கு அடிப்படையே தெரியவில்லை. படித்தது வீண்.’ இது சண்டை.

இரண்டாம் விதம்: ‘ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து. இதுவும் ஒரு பார்வை.’ இது மழுப்பல். மதிப்புரையாளருக்கு உடன்பாடு இல்லை, ஆனால் அதைச் சொல்லாமல் நழுவுகிறார்.

மூன்றாம் விதம்: ‘இரண்டாம் இயலில் ஆசிரியர் தரும் சான்றுகளை நானும் ஏற்கிறேன். அவற்றிலிருந்து அவர் எட்டும் முடிவில்தான் உடன்பாடில்லை. மூன்றாவது சான்று அவர் நினைப்பதற்கு நேர்மாறாகவும் பொருள்படும். இதற்கு அவர் பதில் எழுதினால் மகிழ்வேன்.’ இதுதான் ஐரெனிக். மறுப்பு முழுதாக இருக்கிறது. எங்கே மறுக்கிறார் என்பதும் துல்லியமாகத் தெரிகிறது. எதிரில் இருப்பவர் திரும்பிப் பேச இடமும் இருக்கிறது.

முதல் விதத்தை எழுத ஒரு நிமிடம் போதும். மூன்றாவதை எழுத எதிராளியின் நூலை உண்மையாகவே படித்திருக்க வேண்டும். இது பலவீனர்களின் வழி என்று சிலர் நினைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் உழைப்பு அதிகம் கேட்பது இதுதான்.

மழுப்பலையும் சமாதானத்தையும் குழப்பும் ஆபத்து நிஜமானதுதான். கத்தோலிக்கத் திருச்சபை அதை ‘ஐரெனிஸம்’ என்று பெயரிட்டே எச்சரித்தது. 1950-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் தம் சுற்றுமடலில் அதைக் கண்டித்தார். மற்ற சபைகளோடு ஒற்றுமையை வரவேற்ற 1964ஆம் ஆண்டு வத்திக்கான் சங்க ஆவணமே, கொள்கையை மங்கலாக்கும் போலிச் சமாதானம் வேண்டாம் என்கிறது.

எதிர்ச்சொல் எது?

பொலெமிக். அதுவும் கிரேக்கம்தான், போரைக் குறிக்கும் ‘பொலெமோஸ்’ அதன் வேர். அரிஸ்தொபனீஸ் நாடகத்தில் அமைதியைக் குகையில் தள்ளியவரின் பெயரும் இதேதான். இறையியலில் பொலெமிக்ஸ், ஐரெனிக்ஸ் என்று இரண்டு துறைகளே இருந்தன. ஒன்று எதிர்க்கொள்கையை மறுப்பது, மற்றது பிரிந்தவர்களை இணைக்க வழி தேடுவது.

பசிஃபிக், பசிஃபிஸ்ட் ஆகியவற்றோடு என்ன வேறுபாடு?

அவை அமைதியைக் குறிக்கும் லத்தீனின் ‘பாக்ஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தவை. பசிஃபிக் என்றால் அமைதியான, அமைதியை விரும்பும். ஆங்கிலத்தின் பீஸ் என்ற சொல்லும் அதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததே. பாக்ஸ் ஒப்பந்தம் செய்துகொள்ளுதல் என்ற வினைக்கு உறவு. பசிஃபிஸ்ட் என்றால் போரையும் வன்முறையையும் கொள்கையாக எதிர்ப்பவர். ஐரெனிக்கான ஒருவர் பசிஃபிஸ்டாக இருக்க வேண்டும் என்பதில்லை. அதேபோல, போரை எதிர்ப்பவர் எழுத்தில் சீறுகிறவராகவும் இருக்கலாம்.

ஐரனி (முரண்நகை) என்பதோடு உறவு உண்டா?

இல்லை. எழுத்தில் ஒன்றுபோலத் தெரிவதால் பலர் குழம்புகிறார்கள். ஐரனியின் வேர் ‘எய்ரோன்’. தெரிந்தும் தெரியாததுபோல நடிப்பவர். சாந்தத்தைக் குறிக்கும் செரீன் என்ற சொல்லும் இதற்கு உறவில்லை, அது லத்தீன்.

ஐரீன் என்ற பெயர்?

இதே சொல்தான். இன்றைய கிரேக்கத்தில் இரீனி. இந்தப் பெயரைத் தாங்கியவர்கள் எல்லோரும் சாந்தமானவர்கள் அல்லர். கி.பி. 797-இல் பைசாந்தியப் பேரரசி இரீனி, ஆட்சிக்காகத் தன் மகன் ஆறாம் கான்ஸ்டன்டைனின் கண்களைப் பறித்தார்.

இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனை முன்முற்றத்தில் இருக்கும் ஹாகியா எய்ரேனே என்ற பழைய தேவாலயத்தின் பெயருக்குப் புனித அமைதி என்று பொருள். அது 532ஆம் ஆண்டுக் கலவரத்தில் எரிந்து, பேரரசர் ஜஸ்டீனியனால் திரும்பக் கட்டப்பட்டது. வானத்திலும் ஓர் ஐரீன் உண்டு. லண்டனில் பெரும் கண்காட்சி நடந்துகொண்டிருந்த 1851 மே மாதத்தில் வானியலாளர் ஜான் ரஸ்ஸல் ஹிண்ட் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். நாடுகள் கூடியிருந்த அந்தச் சூழலை நினைத்து இன்னொரு வானியலாளர் ஜான் ஹெர்ஷல் இந்தப் பெயரைச் சொன்னார். அது 14ஆவது சிறுகோள்.

தமிழில் எப்படிச் சொல்லலாம்?

இடத்தைப் பொறுத்தது. ஆளைப் பற்றி என்றால் ‘சமாதானப் பிரியர்’ பரவாயில்லை. தொனியைப் பற்றி என்றால் ‘இணக்கம் நாடும்’ என்பதைத்தான் நான் எடுப்பேன். ‘அமைதியான’ என்று மட்டும் போட்டால் சத்தமில்லாத என்ற பொருள் வந்துவிடும்.

எந்த இடத்தில் பயன்படுத்தக் கூடாது?

இயற்கைக்குப் பயன்படுத்த வேண்டாம். ஏரி, கடல், மாலைப் பொழுது எதுவும் ஐரெனிக் ஆகாது. அமைதியான காலநிலைக்கு ஹால்சியன் என்ற வேறொரு கிரேக்க வழிச் சொல் இருக்கிறது. குளிர்கால நடுப்பகுதியில் மீன்கொத்தி கூடு கட்டுவதற்காகக் கடல் பதினான்கு நாள் அடங்கியிருக்கும் என்ற பழங்கதையிலிருந்து வந்தது அது.

மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுகிற எதற்கும் ஐரெனிக் பொருந்தும்: ஐரெனிக்கான பதில், ஐரெனிக்கான அறிக்கை, ஐரெனிக்கான மனப்பாங்கு. அன்றாட அரட்டையில் போட்டால் கேட்பவர் விழிப்பார், ஏனென்றால் இது படிப்பாளிகள் வட்டாரச் சொல். இறையியல், தத்துவம், நூல் மதிப்புரை, அரசியல் கட்டுரை போன்றவற்றில் தாராளமாக எழுதலாம்.